படத்தின் பின்னணியை நீக்கலாமா?



பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக விளக்க அட்டை ஒன்றைத் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த வேப்பிலை ஒன்றை வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேனரில் வைத்துப் படமாக்குகிறீர்கள். கணிப்பொறித் திரையில் இலை தெரிகிறது. அதோடு தாளின் பழுப்பு நிறம், ஒட்டிய டேப்பின் பளபளப்பு, பென்சிலால் எழுதிய தேதி, மூலையில் விழுந்த நிழல் எல்லாமே தெரிகின்றன. இவை எதற்கு? இலை மட்டும் போதுமே! படங்களைத் திருத்தும் மென்பொருளைத் திறந்து, பின்னணியை நீக்கும் கட்டளையைக் கொடுக்கிறீர்கள். சில நொடிகளில் தாளும் நிழலும் தேதியும் மறைந்து, இலை மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

முன்பு கத்தரிக்கோலும் பொறுமையும் தேவைப்பட்ட வேலை இது. இப்போது ஒரு விரல் அசைவில் முடிந்துவிடுகிறது. இவ்வசதியை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு எளிதாகிவிட்ட காரணத்தாலேயே ஒரு கேள்வியை நாம் கேட்க மறந்துவிடுகிறோம். நீக்கப்பட்டது எது? அது வேண்டாதது என்று யார் முடிவு செய்தார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் படத்திலும் 'பின்னணி' என்று தனியாக ஒன்று எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தே ஒரு பகுதி பின்னணி ஆகிறது. கேள்வி மாறினால் பின்னணியும் மாறும். ஆகவே பின்னணியை நீக்குகிறவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. மூலப் படத்தை அழியாமல் காப்பது ஒன்று. நீக்கியதை வெளிப்படையாகச் சொல்வது மற்றொன்று. அறிவியல் படங்களில் இந்த இரண்டையும் விட்டுவிட்டால் அது கவனக்குறைவோடு நிற்காது, பொய்யாகவே ஆகிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஸ்கேனர் கண்டது என்ன?

ஸ்கேனரின் கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு நகர்ந்து செல்கிறது. தாளில் பட்டுத் திரும்பும் ஒளியை வரிசையாக அமைந்த சின்னஞ்சிறு உணர்விகள் அளக்கின்றன. ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள ஒரு படத்தை எடுத்தால் ஏறத்தாழ 21 லட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 0 என்றால் ஒளியே இல்லை; 255 என்றால் முழு ஒளி.

ஆக, கணிப்பொறியிடம் இலையும் இல்லை, தாளும் இல்லை. சுமார் 63 லட்சம் எண்கள் மட்டுமே இருக்கின்றன. 'இது இலை, இது தாள்' என்பது நம் மூளை செய்யும் வேலை. அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்கும்போது அது என்ன செய்கிறது?

எங்கே கோடு கிழிப்பது?

மிக எளிய வழி, ஓர் எல்லை எண்ணை வைத்துக்கொள்வது. அந்த எண்ணைவிட வெளிச்சமான புள்ளிகள் எல்லாம் தாள், மற்றவை இலை. இந்த எல்லை எண்ணைக் கணிப்பொறியே கண்டுபிடிக்க ஒரு கணித முறையை ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்டார். இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது.

நம் வேப்பிலையில் இதைச் சோதிப்போம். வண்ணத்தை விட்டு, வெளிச்சத்தை மட்டும் கணக்கில் கொள்வோம். தாள் 240; இலையின் நடுப்பகுதி 60; மூலையில் உள்ள நிழல் 190; வெளுத்துக் காய்ந்த இலை நுனி 200 என்று இருக்கட்டும். எல்லை எண்ணை 180 என்று வைத்தால் நிழல் நீங்கிவிடும். ஆனால் நுனியும் சேர்ந்து போய்விடும். சரி, 210 என்று வைப்போமா? நுனி பிழைத்துக்கொள்ளும், ஆனால் நிழலும் இலையோடு ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணை வைத்தாலும் இந்த இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. ஏனெனில் நுனி நிழலைவிட வெளிச்சமானது. 'எது இலை?' என்ற கேள்விக்கு விடை அந்த எண்களில் இல்லை. இலையை நேரில் பார்த்த உங்களிடம்தான் இருக்கிறது.

விளிம்பில் மற்றொரு சிக்கல். இலை முடிந்து தாள் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு புள்ளி, பாதி இலையின் மீதும் பாதி தாளின் மீதும் விழலாம். இலை 60, தாள் 240 என்றால் அந்தப் புள்ளியின் எண் 150 ஆக இருக்கும். இந்த இலையை வெட்டியெடுத்துக் கறுப்பு நிறத்தின் மீது வைத்தால், அந்தப் புள்ளி 30 ஆக மாற வேண்டும். ஆனால் நாம் 150-ஐ அப்படியே விட்டுவிடுவதால் இலையைச் சுற்றி வெளிறிய ஒரு கோடு தெரிகிறது. இதைத் தீர்க்க, 'இந்தப் புள்ளியில் பொருளின் பங்கு எவ்வளவு?' என்ற நான்காவது எண்ணையும் சேர்த்து வைக்கும் முறையை எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் 1970-களில் உருவாக்கினர். ஆல்ஃபா எனப்படும் இந்த எண்ணைக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் ஒழுங்குபடுத்தித் தந்தனர். இன்றைய மென்பொருள்கள் இதையே பின்பற்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு விளிம்புப் புள்ளியிலும் அந்தப் பங்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓர் ஊகமே. வேப்பிலையின் விளிம்பில் ரம்பப் பற்கள் போன்ற அமைப்பு உண்டல்லவா? ஊகம் சற்றுத் தவறினால் பற்கள் மழுங்கிவிடும். தாவரவியல் மாணவருக்கு அந்தப் பற்கள் இலையை அடையாளம் காட்டும் பண்பு.

தமிழுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டையும் பாருங்கள். பழைய அச்சுப் புத்தகத்தின் பக்கத்தை ஸ்கேன் செய்து தூசியையும் கறையையும் நீக்க முயல்கிறோம். 'சிறு புள்ளிகளை நீக்கு' என்று மென்பொருளுக்குக் கட்டளை இடுகிறோம். தூசிக்கும் மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதற்கு வேறுபாடு தெரியுமா? இரண்டும் சிறு கறுப்புப் புள்ளிகளே. 'பல்' என்ற சொல் 'பல' ஆகிவிடும். 'கண்' 'கண' ஆகிவிடும். பக்கம் தூய்மையாகத்தான் இருக்கும். பொருள் மட்டும் மாறிப்போயிருக்கும்!

'இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அது இவ்வாறு ஏமாறுமா?' என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்கள் கையால் பிரித்துக் காட்டிய ஏராளமான படங்களிலிருந்து பழகிக்கொண்ட மென்பொருள்கள் இவை. முன்னைவிட மிக நன்றாகவே பிரிக்கின்றன. ஆயினும் அவை பழகிக்கொண்டது என்ன? 'மனிதர்கள் பெரும்பாலும் எதைப் பின்னணி என்று ஒதுக்குகிறார்கள்' என்பதையே. வழக்கமான படத்திற்கு அது போதும். ஆனால் அறிவியலில் நாம் தேடுவது பெரும்பாலும் வழக்கத்திற்கு மாறானதை அல்லவா?

பின்னணி சொன்ன சாட்சியம்

இதற்கு வானியலிலிருந்து ஓர் அருமையான சான்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு கணிப்பொறியும் ஸ்கேனரும் வருவதற்கு முன் நடந்தது. ஆனாலும் நம் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது.

1978 ஜூன் மாதம், அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி என்ற வானியலர் புளூட்டோவின் பாதையைத் துல்லியமாகக் கணிப்பதற்காகக் கண்ணாடித் தட்டுகளில் பதிந்த படங்களை அளந்துகொண்டிருந்தார். சில தட்டுகளில் புளூட்டோ வட்டமாக இல்லை. ஒரு பக்கம் சற்றுப் புடைத்தாற்போல் இருந்தது. படமெடுக்கும்போது தொலைநோக்கி லேசாக அசைந்தாலும் இப்படி நேரும். 'குறையுள்ள தட்டு' என்று ஒதுக்கிவிடுவது எளிது. அழகான படம் வேண்டுமென்றால் அந்தப் புடைப்பைத் துடைத்து வட்டமாக்கிவிடுவதும் எளிது.

கிறிஸ்டி அப்படிச் செய்யவில்லை. அதே தட்டில் பின்னணியில் இருந்த விண்மீன்களைப் பார்த்தார். அவை வட்டமாகவே இருந்தன. தொலைநோக்கி அசைந்திருந்தால் விண்மீன்களும் நீண்டிருக்க வேண்டுமே! ஆகவே புடைப்பு புளூட்டோவுக்கே உரியது என்று தெளிந்தது. பழைய தட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் புடைப்பு இருந்தது, ஏறத்தாழ 6.4 நாட்களுக்கு ஒருமுறை அது புளூட்டோவைச் சுற்றி இடம் மாறியது. புளூட்டோவின் ஒளி கூடிக் குறையும் கால அளவும் அதுவே. அந்தப் புடைப்புதான் சாரன் என்ற துணைக்கோள்! அதன் விட்டம் புளூட்டோவின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேல். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்று சாரனைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பியது.

இங்கே சாட்சி சொன்னது எது? புளூட்டோ அல்ல, கிறிஸ்டியின் வேலைக்கு வெறும் பின்னணியாக இருந்த விண்மீன்கள். புளூட்டோவை மட்டும் அழகாக வெட்டியெடுத்து, மற்றதை எறிந்திருந்தால் அந்தப் புடைப்பு உண்மையா, பிழையா என்று சொல்ல வழியே இருந்திருக்காது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு தூரிகை

வானியலை விட்டு உயிரியலுக்கு வருவோம். ஒரு செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று அறிய, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு சவ்வில் பதிய வைப்பார்கள். தேடும் புரதம் இருந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று தோன்றும். அதை ஸ்கேன் செய்து ஆய்வுக் கட்டுரையில் வெளியிடுவார்கள். உண்மையான படத்தில் அந்தப் பட்டையோடு சாம்பல் நிறப் படலமும், சில மங்கலான பட்டைகளும், திட்டுகளும் இருக்கும்.

இந்த மங்கலான பட்டைகளைத் தூரிகைக் கருவியால் துடைத்துவிட்டால் படம் எவ்வளவு தெளிவாக இருக்கும்! ஆனால் அவற்றில் ஒன்று, ஆய்வாளர் எதிர்பாராத வேறொரு புரதமாக இருக்கலாம். அல்லது பயன்படுத்திய வேதிப்பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். அவற்றை நீக்கியவர் படத்தை அழகாக்கவில்லை, சான்றை அழித்துவிட்டார்.

'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' என்ற ஆய்விதழ் 2002 முதல், வெளியிட ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களைக் கணிப்பொறியில் திறந்து சோதிக்கத் தொடங்கியது. அவ்விதழ் வகுத்த விதியின் சாரம் எளிது. படத்தின் எந்த ஒரு கூறையும் தனியாகத் தூக்கிக் காட்டவோ, மறைக்கவோ, நகர்த்தவோ, நீக்கவோ, புதிதாகச் சேர்க்கவோ கூடாது. படம் முழுவதையும் ஒரே சீராக வெளிச்சமாக்கலாம். அதிலும் மூலத்தில் உள்ள தகவல் எதுவும் மறைந்துவிடக் கூடாது.

இத்தகைய கண்காணிப்பு தேவையா? எலிசபெத் பிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பாருங்கள். 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்ததில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஐயத்துக்குரிய படங்கள் இருந்தன. ஒரே படம் வேறு வேறு பெயர்களில் இரண்டு முறை வந்தது போன்ற குறைகள் அவை. எல்லாமே வேண்டுமென்று செய்தவை அல்ல. ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு என்பது சிறிய எண்ணிக்கையா? மருந்து கண்டுபிடிப்பவர்கள் இத்தகைய கட்டுரைகளை நம்பித்தானே அடுத்த அடி எடுத்து வைக்கிறார்கள்!

அப்படியானால் விஞ்ஞானிகள் பின்னணியை நீக்குவதே இல்லையா?

இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருந்தால் உங்களைப் பாராட்டுகிறேன். நீக்குகிறார்கள்; நாள்தோறும் நீக்குகிறார்கள். நம் கொடைக்கானல் வானாய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அந்தப் பழைய படங்களை இந்திய வான் இயற்பியல் மையம் எண்ம வடிவத்திற்கு மாற்றியிருக்கிறது. சூரிய வட்டத்தின் நடுப்பகுதி வெளிச்சமாகவும் விளிம்பு மங்கலாகவும் இருப்பது இயற்கை. இந்தப் படிப்படியான மங்கலைக் கணித முறையால் நீக்கினால்தான் சூரியப் புள்ளிகளை விளிம்பு வரை ஒரே அளவுகோலால் கண்டறிந்து அளக்க முடியும். இதுவும் பின்னணி நீக்கம்தான்.

இதற்கும் தூரிகையால் துடைப்பதற்கும் என்ன வேறுபாடு? இங்கே ஒரே விதி படம் முழுமைக்கும் பொருந்துகிறது. அந்த விதி இன்னதென்று எழுதி வெளியிடப்படுகிறது. மூலப் படத்தை வைத்து வேறொருவர் அதே கணக்கைச் செய்து சரிபார்க்க முடிகிறது. தூரிகையோ கையின் விருப்பப்படி போகிறது. எங்கே போனது என்பதற்குச் சுவடும் இல்லை.

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் மற்றொரு பாடம் இருக்கிறது. அங்கே ஒரு நூற்றாண்டுக் காலத்தில் சேர்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகள் உள்ளன. ஹென்றியேட்டா லீவிட் போன்ற பெண் வானியலர்கள் அத்தட்டுகளை ஆராய்ந்து, கண்ணாடியின் மீதே மையால் குறியிட்டு வந்தார்கள். அப்படி ஆராய்ந்துதான், ஒளி மாறும் ஒருவகை விண்மீன்களின் கால அளவுக்கும் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை லீவிட் 1912-இல் வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தத் தட்டுகளை ஸ்கேன் செய்தபோது சிக்கல் ஒன்று எழுந்தது. விண்மீனின் ஒளியை அளப்பவருக்கு அந்த மை ஒரு தடை. துடைக்க வேண்டிய பின்னணி. வரலாற்று ஆய்வாளருக்கோ அந்த மைதான் படமே! என்ன செய்தார்கள் தெரியுமா? துடைப்பதற்கு முன்னால் தட்டுகளை மைக்குறிகளோடு அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். ஒரே தட்டில் ஒருவருக்குப் பின்னணியாக இருப்பது மற்றவருக்கு முகப்பு என்பதை உணர்ந்து செய்த செயல் இது.

நீங்கள் செய்யக் கூடியவை

மீண்டும் நம் வேப்பிலைக்கு வருவோம். தேதி, ஒட்டிய டேப், தாள் எல்லாம் இப்போது உங்களுக்கு எப்படித் தோன்றுகின்றன? தாவரவியலார் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரகங்களில், எந்த இடத்தில் எந்த நாளில் சேகரித்தது என்ற குறிப்பைச் செடியோடு அதே தாளில் ஒட்டி வைக்கிறார்கள். படமெடுக்கும்போது அளவுகோலையும் வண்ண அட்டையையும் பக்கத்தில் வைக்கிறார்கள். அளவுகோல் இல்லாத இலைப் படத்தைப் பார்த்து அதன் நீளத்தைச் சொல்ல முடியுமா? அழகுக்கு இடையூறாகத் தோன்றுவதே அங்கே அறிவியலின் உயிர்நாடி.

ஆகவே சில பழக்கங்களை இப்போதே கைக்கொள்ளுங்கள். முதலில், ஸ்கேன் செய்த படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவத்தில் அப்படியே சேமித்து, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் வடிவம் இடத்தை மிச்சப்படுத்த நுண்ணிய விவரங்களைக் கைவிடும். பின்னணி நீங்கிய இடத்தை ஒளி ஊடுருவும் வெற்றிடமாக வைத்திருக்கவும் அதனால் இயலாது.

இரண்டாவதாக, அழிப்பானைப் பயன்படுத்தாதீர்கள். விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் போன்ற மென்பொருளில் 'லேயர் மாஸ்க்' என்ற வசதி உண்டு. அது பின்னணியை அழிப்பதில்லை; திரை போட்டு மறைக்கிறது. தவறிப்போய் இலை நுனியை மறைத்துவிட்டால் திரையை அந்த இடத்தில் விலக்கினால் போதும்.

மூன்றாவதாக, மென்பொருளிடம் போகுமுன் ஸ்கேனரிலேயே பின்னணியைச் சரிசெய்யுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள்; அது பெரிதும் மங்கிவிடும். இலையின் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைக்க மறவாதீர்கள்.

கடைசியாக, படத்தின் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: 'பின்னணி நீக்கப்பட்டது, மூலப் படம் எங்களிடம் உள்ளது.' இதை எழுதுவதால் உங்கள் படம் தரம் குறைந்துவிடாது. பார்ப்பவரின் நம்பிக்கை கூடும்.

ஆசிரியர்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பளிச்சென்ற படத்தைக் கண்டவுடன் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். 'மூலப் படத்தைக் காட்டு' என்று கேளுங்கள். மங்கலாக இருந்தாலும் மூலத்தோடு வரும் படத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தாருங்கள். பள்ளியில் அழகுக்கு மட்டுமே பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டு, பின்னர் ஆய்வுக்கூடத்தில் நேர்மையை எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

'பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கும் இத்தனை விதிகளா?' என்று சிரிக்காதீர்கள்! வாழ்த்து அட்டையில் உங்கள் விருப்பப்படி வெட்டி ஒட்டுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை. ஏனெனில் அந்தப் படத்தை யாரும் சான்றாகக் கொள்வதில்லை. ஒரு படத்தைக் காட்டி 'இதுதான் நான் கண்டது' என்று சொல்லும்போது மட்டும் நிலைமை மாறுகிறது. அப்போது நீங்கள் காணாததைச் சேர்ப்பதும், கண்டதை மறைப்பதும் ஒன்றே.

அடுத்த முறை பின்னணி நீக்கும் பொத்தானின் மீது விரலை வைக்கும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். நீங்கப்போவது எது என்று ஒரு முறை பாருங்கள். பிறகு அழுத்துங்கள், மூலப் படம் மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.